மண் இல்லாத நெத்திலி

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி எப்போது ஆகும் என்று வியாழக்கிழமையே நினைக்க ஆரம்பித்துவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஓர் ஆவல் வருமா என்று கேட்டால், எனக்கு வந்திருக்கிறது. திருவொற்றியூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, இரண்டாம் மாடி, கடைசி அறை. அங்கே பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர், ஒரு தொழிலை எப்படித் திட்டம் போடுவது, எப்படித் தொடங்குவது என்று கற்றுக்கொள்கிறார்கள். நடத்துவது வணிகவியல் டீச்சர், என் பள்ளிக்காலச் சிநேகிதி. நான் கூடமாட இருப்பவள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதை என் இருபத்தேழு வருஷ வேலையில் கற்றிருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று மனசாரச் சொல்கிறேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது அவர் வேலை. நான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதினேன். அப்பா அடுத்தவர் சரக்கை எண்ணினார், நான் அடுத்தவர் லாபத்தைக் கூட்டினேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான குடும்பங்களின் கதை இதுதான். ஹார்பர், லேலண்ட், என்ஃபீல்டு, விம்கோ என்று சங்கு ஊதினால் கிளம்பிப் போய், சங்கு ஊதினால் திரும்பி வந்த ஜனங்கள். "பையன் கம்பெனியில இருக்கான்" என்பதுதான் பெண் வீட்டுக்குச் சொல்லும் பெருமை. அந்தக் கம்பெனியைப் பையனே ஆரம்பிக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த வகுப்பைப் பார்த்து எனக்கு இத்தனை பூரிப்பு.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2021-22 கல்வியாண்டில் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறையோடும் யுனிசெஃப்போடும் சேர்ந்து நடத்துவது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பிள்ளைகள் சின்னச் சின்ன அணியாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் கண்ணில் படும் ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்கு ஒரு தீர்வை யோசித்து அனுப்ப வேண்டும். தேறும் அணிகளுக்குப் பரிசுப் பணம் உண்டு. அதே 2021-இல் டெல்லி அரசு 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்று தொடங்கி, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் விதைப் பணமே கொடுத்தது. நம் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் புத்தகத்திலும் தொழில்முனைவு பற்றிப் பாடம் இருக்கிறது. ஆனால் பாடத்தில் இருப்பது வேறு. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி தராசு முன்னால் உட்கார்ந்து நெத்திலியை நிறுத்துக்கொண்டே "மிஸ், காஞ்சா எவ்ளோ நிக்கும்?" என்று கேட்பது வேறு. டீச்சர் அரசுத் திட்டத்தின் பயிற்சியை எடுத்துக்கொண்டு அதோடு நிற்காமல், நிஜமாகவே விற்றுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அங்கேதான் இந்தக் கதை சூடு பிடிக்கிறது.

முதல் சனிக்கிழமை டீச்சர் கேட்டாள்: "ஒரு தொழில் ஆரம்பிக்கணும்னா என்ன ஆரம்பிப்பீங்க?" ஆறு அணியில் ஐந்து அணி சொன்ன பதில், ஆப். மீன் ஆப், ஆட்டோ ஆப், டியூஷன் ஆப். ஆறாவது அணி யூடியூப் சேனல். டீச்சர் திட்டவில்லை. "சரி. ஒரு வாரம் போன் வேண்டாம். போற வழியில, வர்ற வழியில, வூட்டுல, தண்ணிக் குழாயாண்ட, யார் யார் எதுக்குத் திட்டுறாங்களோ அதை அப்படியே எழுதிட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

அடுத்த வாரம் வந்த நோட்டுகளை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படித்தேன். அப்படி ஒரு பொக்கிஷம்! ஷேர் ஆட்டோக்காரன் பள்ளிக்கூடப் பையன் என்றால் நிறுத்தமாட்டேன் என்கிறான். வெள்ளைத் துணி காயப்போட்டால் கரி படிகிறது. டிரெய்லர் லாரி வரிசை கட்டி நின்று ரோட்டை அடைக்கிறது. மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்குப் போக வண்டி இல்லை. இட்லி மாவு ஒரே நாளில் புளித்துவிடுகிறது. ஒரு பெண் தன் பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "கருவாட்டுக் குழம்பு வச்சா, பல்லுல மண்ணு நறநறங்குது. மண்ணுக்கா காசு குடுத்தேன்?"

பிரச்சினையைக் கண்டுபிடிப்பது என்று பெரிய நிறுவனங்கள் லட்சம் லட்சமாகச் செலவழித்துச் செய்யும் காரியத்தை, பாட்டியின் ஒரு வசவு முடித்துக் கொடுத்துவிட்டது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா கருவாடு காயவைத்து விற்பவர். அம்மாவின் தங்கையும் அதே தொழில். கரையில் மணல் மேலோ ரோட்டோரத்திலோ பரப்பிக் காயவைப்பதுதான் வழக்கம். மண் ஒட்டாமல் எப்படி இருக்கும்? அணியில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினார்கள். தரையில் போட்டால்தானே மண்? மொட்டை மாடியில் நாலு கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டி, அதன்மேல் காயவைத்தால்? கீழேயும் காற்று போகும், சீக்கிரம் காயும். மேலே கொசுவலை போட்டால் ஈ வராது, காக்காயும் வராது. பழைய வலை யார் வீட்டிலும் கிடைக்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை. மீன்வளத் துறைக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவரும் முறைதான் இது. ஆனால் இந்தப் பிள்ளைகள் அதை யாரும் சொல்லாமல், பாட்டியின் பல்லில் இருந்து தொடங்கி அங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பெற்றோரோடு, எல்லாரையும் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனோம். நான் பிறந்ததில் இருந்து போய்வருகிற இடம். மீன் வாங்கத்தான் போயிருக்கிறேன், தொழில் பார்க்கப் போனதில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். விசைப்படகு வந்து அணைகிறது. கூடை கூடையாக இறங்குகிறது. ஏலக்காரர் குரல் விடுகிறார். ஒரு முழுக் கூடையை எடுக்க ஒருத்தியிடம் காசு போதாது. நாலு பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டு, ஒருத்தி ஏலம் எடுக்கிறாள். எடுத்த கூடையை ஓரமாக இழுத்துப் போய் நாலு கூறு போடுகிறார்கள். கூறு போட்டவள் கடைசியாகத்தான் தன் கூறை எடுக்க வேண்டும். அதனால் அவள் ஓரவஞ்சனை செய்ய முடியாது! ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கையெழுத்து இல்லை, காகிதம் இல்லை.

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இப்ப பார்த்தது என்ன?" என்றாள். ஒரு பையன் யோசித்துவிட்டு மெதுவாக, "கூட்டாண்மை, மிஸ்" என்றான். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருந்தானே, அது அவன் பெரியம்மாவின் மீன்கூடையில் இருந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு வியாபாரம் ரத்தத்திலேயே இருக்கிறது. பேரம் தெரியும், ஆளைப் பார்த்து விலை சொல்லத் தெரியும், கடன் எப்போது கேட்கலாம் என்று தெரியும். தெரியாதது ஒன்றுதான், எழுதிப் பார்ப்பது. எழுதியதும் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அந்தப் பெண்ணின் நெத்திலி அணி முதலில் போட்ட அடக்கவிலைக் கணக்கு இது. பச்சை நெத்திலி 20 கிலோ, கிலோ 120 ரூபாய் வீதம் 2,400. உப்பு, ஐஸ், ஆட்டோ 300. காய்ந்தால் 5 கிலோ தேறும். 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 50 பாக்கெட். கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு 6 ரூபாய், மொத்தம் 300. ஆக 3,000 ரூபாய். ஒரு பாக்கெட் அடக்கம் 60. விற்பது 80. லாபம் 1,000! கைதட்டல். ஒருத்தி பெஞ்சு மேல் ஏறிவிட்டாள்.

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி. "அலசுனது, உப்பு போட்டது, திருப்பித் திருப்பிக் காயப்போட்டது, எடுத்து வச்சது யாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா. அப்புறம் சித்தி."

"அவங்க கூலி எங்க?"

வகுப்பு சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். "இன்னா மிஸ், எங்கம்மாக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களா? அது வூட்டு வேலை மிஸ்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. அவளே கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள், "வெளி ஆளை வச்சா இன்னா கேப்பாங்க?" பக்கத்தில் இருந்தவன் சொன்னான், "ஒரு நாளைக்கு ஐந்நூறாச்சும் கேப்பாங்க." இரண்டு நாள் வேலை, ஆயிரம் ரூபாய் என்று எழுதினாள். லாபத்தில் இருந்து கழித்தாள். பூஜ்யம்.

அப்போது அந்த அறையில் விழுந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா பல வருஷமாக அந்தத் தொழில் செய்கிறார். ஏதோ லாபம் வருகிறது, வீடு ஓடுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு இருந்தது, அவருடைய கூலிதான். "அப்ப எங்கம்மாக்கு லாபமே வந்ததில்லையா மிஸ்?" என்று அவள் கேட்டபோது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த அணி வேலை செய்த வேகம் இருக்கிறதே! அறுபது வீடுகளுக்குப் போய்க் கேட்டார்கள். மண் இல்லாமல், தலை கிள்ளி, அப்படியே சட்டியில் போடும்படி சுத்தமாகக் கொடுத்தால் வாங்குவீர்களா, என்ன விலை கொடுப்பீர்கள் என்று. வேலைக்குப் போகிற பெண்கள் சொன்ன விலை பிள்ளைகள் நினைத்ததைவிட அதிகம். தலை கிள்ளினால் எடை குறையும், வேலையும் அரை நாளுக்கு மேல் கூடும். மறுபடி கணக்கு. 20 கிலோவுக்கு 4 கிலோதான் தேறும், 40 பாக்கெட். மீன் 2,400, மற்ற செலவு 300, கவர் லேபிள் 240, கூலி மூன்று நாள் 1,500. மொத்தம் 4,440. ஒரு பாக்கெட் அடக்கம் 111 ரூபாய். விலை 140 என்று வைத்தார்கள். இந்த 140-க்குப் பின்னால் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று அந்த ஐந்து பேருக்கும் தெரியும். எம்.பி.ஏ. படித்து முடித்த எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இடையில் ஒரு சோதனை. நவம்பரில் 8 கிலோ மட்டும் வாங்கிப் பரீட்சார்த்தமாகக் காயப்போட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் டியூஷன் போன நேரத்தில் மழை. அத்தனையும் நாறிப்போய்க் கொட்டவேண்டியதாயிற்று. 960 ரூபாய் நட்டம். நானும் டீச்சரும் போட்ட பணம் என்பதால் பிள்ளைகள் அழுதார்கள். அழுது முடித்ததும் டீச்சர் சிவப்புப் பேனாவைக் கொடுத்து நட்டத்தை எழுதச் சொன்னாள். அடுத்த வாரம் யார் எந்த நேரம் மாடியில் காவல் என்று அவர்களே அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார்கள், தார்ப்பாய் ஒன்றும் வந்தது.

மற்ற அணிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், குறிப்பாக டிரெய்லர் அணி. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக நிற்பது எங்கள் பக்கத்துக்குப் பழகிய காட்சி. அந்த டிரைவர்களுக்குப் பிரியாணி விற்கலாம் என்று நாலு பையன்கள் கிளம்பினார்கள். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றோம். சாலையோர டீக்கடையில் நின்று, சினிமா ஹிந்தியும் கைஜாடையுமாகக் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் வடக்கத்தியர். பிரியாணி வேண்டாம் என்றார்கள். வரிசை எப்போது நகரும் என்று தெரியாது, இறங்க முடியாது, தட்டில் போட்டுப் பிசைந்து சாப்பிட நேரம் இல்லை. ஒரு கையில் ஸ்டீரிங், மறு கையில் சாப்பாடு. அதுதான் வேண்டும். பையன்கள் சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி, காகிதத்தில் சுற்றினார்கள். அடக்கம் 22, விலை 35, டீக்கடை அண்ணனுக்குக் கமிஷன் 5. லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் நடமாடக் கூடாது என்பதில் டீச்சர் கறாராக இருந்தாள், அதனால் விற்றது டீக்கடை அண்ணன்தான். கேபின் ஜன்னல் உயரம். அதற்கு ஒரு பையன், நீளக் கம்பின் முனையில் துணிப்பை கட்டிக் கொடுத்தான். பை மேலே போகிறது, காசு அதே பையில் கீழே வருகிறது. அண்ணன் இன்றைக்கும் அந்தக் கம்பை வைத்திருக்கிறார்.

இன்னொரு சனிக்கிழமை, முதல் எங்கிருந்து வரும் என்ற பேச்சு. இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் மகன் எழுந்து, "தண்டல் வாங்கலாம்" என்றான், தண்ணீர் குடிக்கலாம் என்பதுபோல. பத்தாயிரம் எழுதிக்கொள்வார்கள், கையில் வருவது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். வட்டி எவ்வளவு என்று கேட்டோம். "ஆயிரத்து ஐந்நூறு" என்றான். சதவீதத்தில் சொல் என்றோம். 8,500-க்கு 1,500, நூறு நாளைக்கு 17.6 சதவீதம், வருஷத்துக்கு 64. பலகையில் எழுதிவிட்டு அதிர்ந்து நின்றான். அப்போது மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பெண், இத்தனை நாள் வாயே திறக்காதவள், கையைத் தூக்கினாள். "மிஸ், தினம் நூறு ரூபா திருப்பிக் குடுத்துட்டே வர்றோம் இல்ல? அப்ப 8,500-உம் நூறு நாளும் நம்ம கையில இல்லையே. சராசரியா பாதிதானே இருக்கும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆமாம், பாதிதான். அப்படியானால் வட்டி இரண்டு மடங்கு, வருஷத்துக்கு ஏறக்குறைய 129 சதவீதம். இருபத்தேழு வருஷம் கணக்கு எழுதியவள் நான், தண்டலுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. அந்தப் பையன் அன்றைக்குப் பலகையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் அம்மா இப்போது சுய உதவிக் குழுவில் சேர்ந்து வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தண்டல் வேண்டாமென்றால் வேறு என்ன வழி? 1919-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். பிள்ளைகளே குட்டிக் கம்பெனி நடத்தக் கற்றுக்கொள்வது. பங்கு விற்று முதல் திரட்டுவது, பொருள் செய்து விற்பது, கடைசியில் கம்பெனியைக் கலைத்துப் பங்குதாரருக்குக் கணக்குக் கொடுப்பது என்று அது உலகமெல்லாம் பரவியது. டீச்சர் அதைச் சொன்னதும் நெத்திலி அணி பங்கு வெளியிட்டது. ஒரு பங்கு 50 ரூபாய், மொத்தம் 60 பங்கு, 3,000 ரூபாய். கூலி தவிர்த்த கைச்செலவு 2,940, அதற்குக் கச்சிதமாகப் போதும். கலர் பென்சிலில் நெத்திலி படம் வரைந்த பங்குச் சீட்டு. தலைமையாசிரியர் நாலு பங்கு, பி.டி. சார் இரண்டு, வாட்ச்மேன் தாத்தா ஒன்று. நான் பத்து கேட்டேன், ஒருவருக்கு ஐந்துக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என் பூஜையறையில் அந்த ஐந்து சீட்டும் இருக்கின்றன.

அன்றைக்குத்தான் நான் அவர்களுக்குப் பலூன் கதையைச் சொன்னேன். 1946-இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்தார். குடும்பத்தின் வங்கி 1938-இல் மூழ்கிப்போய், எல்லாம் இழந்த குடும்பம். பலூன்களைத் தானே பையில் தூக்கிக்கொண்டு போய் விற்றார். 1949-இல் தம்புச் செட்டித் தெரு 334-ஆம் எண்ணில் ஆபீஸ் போட்டார். நான் தினமும் டிபன் கேரியரோடு நடந்த தெரு அது! 1952-இல் பழைய டயருக்கு ஒட்டும் டிரெட் ரப்பர். 1961-க்குள் டயர். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, எம்.ஆர்.எஃப். 2023 ஜூனில் அதன் ஒரே ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, இந்தியப் பங்குச் சந்தையில் முதல்முறையாக.

"நம்ம ஏரியாவுலயா?" என்றான் ஒருவன். அந்தக் கம்பெனிச் சுவரைத் தாண்டித்தான் பிறந்ததில் இருந்து நடந்துகொண்டிருக்கிறான். அதை யாரோ ஒரு நாள் பலூனில் தொடங்கினார்கள் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. வாட்ச்மேன் தாத்தா தன் நெத்திலிப் பங்குச் சீட்டை அன்றைக்கே லாமினேட் செய்யக் கொடுத்துவிட்டார்.

சட்டமும் கற்றுக்கொண்டோம். பதினெட்டு வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அதனால் உணவுப் பாதுகாப்புப் பதிவை அந்தப் பெண்ணின் அம்மா பெயரில் எடுத்தோம், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். உரிமையாளர் என்ற கட்டத்தில் தன் பெயர் அச்சாகி வந்ததை அந்த அம்மா இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் அணி எதுவும் அரசுத் திட்டத்தின் பரிசுப் பட்டியலில் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அழகாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் போட்டி மேடையில் ஒரு சாதகம் இருக்கிறது, மீன்வாசம் வீசும் கையோடு வருபவர்களுக்கு அது இல்லை. வணிகத்தில் இறக்கிவிட்டால் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்கள் என்று பயந்த பெற்றோரும் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தெட்டுப் பேரில் ஒருவர்கூடப் படிப்பை விடவில்லை. கணக்குப் பதிவியலில் அந்த வகுப்பு தூள் கிளப்புகிறது. பேரேடு என்றால் இப்போது அவர்களுக்கு நெத்திலி.

பெரிய விற்பனையை மீன்பிடித் தடைக்காலத்துக்குத் திட்டமிட்டிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை எகிறும், எல்லார் வீட்டிலும் கருவாட்டுக் குழம்பு. பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் முதல் வாரத்தில் 20 கிலோ வாங்கி, வலையில் காயவைத்து, பாக்கெட் போட்டார்கள். லேபிளில் பெரிதாக ஒரே வரி: மண் இல்லாத நெத்திலி. மே மாதம் இரண்டாவது ஞாயிறு தேரடிப் பக்கம் ஒரு மேஜை போட்டோம். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து பன்னிரண்டு மணிக்குள் நாற்பது பாக்கெட்டும் தீர்ந்துவிட்டன. முதல் பாக்கெட்டை 140 ரூபாய் எண்ணிக் கொடுத்து வாங்கியது, பல்லில் மண் நறநறத்த அந்தப் பாட்டி. சும்மா கொடுத்தால் வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே கூலிப் பட்டுவாடா. அந்தப் பெண் இரண்டு கவர் தயார் செய்திருந்தாள். சித்திக்கு ஒரு நாள், 500. அம்மாவுக்கு இரண்டு நாள், 1,000. கூடவே வவுச்சர், கையெழுத்துப் போட இடம். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கவரைப் பிரித்தார். "இன்னாத்துக்குடி இது?" என்றார். "கூலிம்மா. ரெண்டு நாளு வேலை செஞ்ச இல்ல."

அவர் பணத்தை எண்ணினார். வவுச்சரை மகளிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திருப்பி நீட்டி, "இருநூத்தைம்பது எடுத்துக்கினு மீதி குடு. அந்த வியாயக்கெழமை மத்தியானத்துக்கு மேல நான் ரேஷன் கடைக்குப் பூட்டேன். அரை நாளுதான் செஞ்சேன். கணக்குன்னா கணக்கா இருக்கணும் இல்ல?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சில்லறை தேடிக் கொடுத்துவிட்டு, வவுச்சரை அடித்துத் திருத்தி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கூலி 1,250, மொத்தம் 4,190 என்று எழுதி, நாற்பதால் வகுத்தாள்.

"மிஸ், அடக்கம் 111 இல்ல. 104 ரூபா 75 பைசா."